செஞ்சோற்றுக் கடனுக்குக் கெடு உண்டா?

எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிற அண்ணனுக்குச் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருக்கும் கிராமம். இவருக்கும் சின்ன வயதில் பட்டாளத்துக்குப் போக ஆசை. உயரம் இரண்டு சென்டிமீட்டர் பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்த இரண்டு சென்டிமீட்டரைப் பையன் சேர்த்து வளர்ந்தான். அக்னிவீராகத் தேர்வானபோது தெருவுக்கே லட்டு வந்தது.

போன மாதம் ஒருநாள், என் சட்டைக் காலரை மடித்தபடியே கேட்டார்.

''சார், நீங்க பத்திரிகைல இருக்கறவரு. ஒரு விஷயம் கேக்கணும். பட்டாளத்துல ஒருதடவை கையெழுத்துப் போட்டுட்டா, நடுவுல வரவே முடியாதா?''

வடக்கே ஒரு பயிற்சி முகாமில் இருக்கிறான் பையன். சேர்ந்து இரண்டு மாதம். ஞாயிற்றுக்கிழமைதான் போன் கைக்கு வரும். இரண்டு ஞாயிறாக அழுகிறானாம். யாராவது அடித்தார்களா? இல்லை. சாப்பாடு சரியில்லையா? அதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. ''இது எனக்கான வேலை இல்லப்பா. நான் ஊருக்கு வந்துடறேன்.'' அவ்வளவுதான் சொல்கிறான்.

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ''சேரும்போது அவனுக்குப் பதினேழரை வயசுதான் சார். அதனால ஃபார்ம்ல என் கையெழுத்தும் வாங்குனாங்க. இங்கிலீஷ்ல இருந்துச்சு. என்ன எழுதியிருக்குன்னு கேக்கல. சந்தோஷத்துல போட்டுட்டேன்.''

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைத் தூங்க விடவில்லை.

*

நான் படித்தது பி.காம். மூன்று வருடத்தில் மனதில் தங்கியது கொஞ்சம்தான். அதில் ஒன்று, என்.டி.கபூர் புத்தகத்தில் படித்த வணிகச் சட்டம். பி.காம். படித்த எவரையும் நடுராத்திரி எழுப்பி, 'மைனர் கான்ட்ராக்ட்?' என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே 'மோகரி பீபி, 1903, செல்லாது' என்பார்.

கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற பதினெட்டு நிரம்பாத பையன், வீட்டை அடமானம் வைத்து 20,000 ரூபாய்க்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தான். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மைனர் போட்ட ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்லை என்று 1903-ல் தீர்ப்பாகிவிட்டது. சரி, பையனுக்காக அப்பா கையெழுத்துப் போட்டால்? அதற்கும் ஒரு வழக்கு உண்டு. பதினெட்டு வயதாகாத மகளை சினிமாவில் நடிக்க வைப்பதாக ஒரு தகப்பனார் ஒப்பந்தம் போட்டார். அதுவும் செல்லாது என்றது பம்பாய் உயர் நீதிமன்றம்.

இன்னொரு பாடமும் அதே புத்தகத்தில் உண்டு. மேஜரே ஆனாலும், 'ஐந்து வருடம் வேலை பார்க்கிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டாவது வருடம் கிளம்பினால் கம்பெனி என்ன செய்யலாம்? நஷ்ட ஈடு கேட்கலாம். ஆளைப் பிடித்து வந்து நாற்காலியில் கட்டிப்போட்டு வேலை வாங்க முடியாது. எந்தக் கோர்ட்டும் அப்படி உத்தரவு போடாது.

அதாவது, பதினேழரை வயதுப் பையன் தவணையில் பைக் வாங்கப் போட்ட கையெழுத்து செல்லாது. சினிமாவில் நடிக்க அவன் அப்பா போட்ட கையெழுத்தும் செல்லாது. துப்பாக்கி தூக்கப் போட்ட கையெழுத்து மட்டும் செல்லும்!

எப்படி?

*

ராணுவத்தில் சேருவது சாதாரண ஒப்பந்தம் இல்லை. உள்ளே போய்விட்டால் என்.டி.கபூர் வாசலிலேயே நின்றுவிடுவார். அதற்கப்புறம் 1950-ம் வருட ராணுவச் சட்டம். அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு, ஆயுதப் படையினரின் அடிப்படை உரிமைகளைக்கூடக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

சொல்லாமல் ஓடிப்போனால் 38-வது பிரிவு. சாதாரண காலத்தில் ஏழு வருடம் வரை சிறை. போர்ப் பணியில் இருக்கும்போது என்றால் மரண தண்டனை வரை போகலாம். லீவு முடிந்து வராமல் இருந்தால் 39-வது பிரிவு, மூன்று வருடம் வரை.

என்னை உட்கார வைத்தது 15-வது பிரிவு. சேர்த்துக்கொள்ளப்பட்டவராக மூன்று மாதம் சம்பளம் வாங்கி, பட்டியலில் பெயரும் இருந்துவிட்டால், சேர்த்த விதத்தில் குளறுபடி என்றோ, வேறு எந்தக் காரணம் சொல்லியோ, விடுவிப்பை உரிமையாகக் கேட்க முடியாது.

மூன்று மாதச் சம்பளம்!

இதைத்தானே நம் பாட்டி வேறு வார்த்தையில் சொன்னாள்? செஞ்சோற்றுக் கடன். உப்பைத் தின்றாயா, விசுவாசமாக இரு. 1950-ல் டெல்லியில் சட்டம் எழுதியவர்கள் கம்பனைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் எத்தனை நாள் உப்பு தின்றால் கடன் என்று கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள்.

*

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு நியாயம் இல்லாமல் இல்லை.

என் நண்பர் ஒருவர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தார். ஒரு மார்ச் 31 அன்று மதியம், 'எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை' என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. மற்றவர்கள் ராத்திரி பூரா உட்கார்ந்தார்கள். நிறையத் திட்டினார்கள். யாரும் சாகவில்லை.

எல்லையில் ஒரு பனி முகட்டில் இரண்டு பேர் மாறி மாறிக் காவல் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் தூங்குகிறான். அவன் தூங்க முடிவதற்கு ஒரே காரணம், இன்னொருவன் விழித்திருக்கிறான் என்ற நம்பிக்கை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருப்பவன் 'எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை' என்று இறங்கிப் போனால்?

இங்கே மீறப்படுவது டெல்லியோடு போட்ட ஒப்பந்தம் மட்டும் இல்லை. பக்கத்தில் தூங்குகிறவனின் உயிர். அதை நஷ்ட ஈட்டால் சரிக்கட்ட முடியாது. எனவே காவலை விட்டு ஓடுவது குற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால், ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கிப் போகக் கூடாது என்பது ஒன்று. காலை பத்து மணிக்கு, குளித்து, யூனிஃபார்ம் போட்டு, அதிகாரி முன்னால் நின்று, 'ஐயா, எனக்குப் பதில் ஆள் வந்ததும் நான் போகிறேன்' என்று கேட்கக்கூடக் கூடாது என்பது இன்னொன்று. முதலாவது காவலை விடுவது. இரண்டாவது வேலையை விடுவது. இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டுவது சரியா?

இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சிலை இருக்கிறது. ஸ்டாஃபோர்டுஷயரில், ஆல்ரிவாஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், 2001-ல் திறந்தார்கள். கண்ணைக் கட்டி, கையைப் பின்னால் கட்டி நிறுத்தப்பட்ட ஒரு பையன். ஹெர்பர்ட் பர்டன் என்ற சிப்பாயை மாதிரியாக வைத்துச் செய்தது. வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தவன். 1915-ல், முதல் உலகப் போரில், ஓடிப்போனான் என்று சொந்த ராணுவமே சுட்டுக் கொன்றது. அப்போது வயது 17. சிலையைச் சுற்றி முந்நூறுக்கும் மேற்பட்ட மரக்கம்பங்கள். ஒவ்வொன்றிலும் இதேபோலச் சுடப்பட்ட ஒருவரின் பெயர். 2006-ல் பிரிட்டன் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. ரொம்ப சீக்கிரம். 90 வருடம்தான் ஆகியிருந்தது.

*

நம் கதைகளுக்கு வருவோம். செஞ்சோற்றுக் கடன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இரண்டு பேர். கர்ணன், கும்பகர்ணன். 1964-ல் வந்த சிவாஜி படத்தில், கிளைமாக்ஸில் கர்ணனுக்காக அழாத தமிழன் உண்டா? கும்பகர்ணனும் அப்படித்தான். அண்ணன் செய்தது தப்பு என்று தெரியும். முகத்துக்கு நேரே சொல்லவும் சொன்னான். அண்ணன் கேட்கவில்லை என்றதும் சண்டைக்குப் போய்ச் செத்தான்.

இன்னொரு தம்பி விபீஷணன். தப்பு என்று தெரிந்ததும் விலகிவிட்டான். கோயிலில் அவனும் கும்பிடத் தக்கவன்தான். ஆனால் தெருவில் யாரையாவது 'விபீஷணா' என்று கூப்பிட்டுப் பாருங்கள், அடிக்க வருவார்கள். நமக்குத் தங்கியவன் மேல்தான் பாசம். விலகியவனிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொள்வோம், வீட்டுக்குள் விடமாட்டோம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? கும்பகர்ணனைத் தேடி விபீஷணன் போர்க்களத்துக்கே வருகிறான். இந்தப் பக்கம் வந்துவிடு என்று கூப்பிடுகிறான். கர்ணனிடம் கண்ணன் வருகிறான். நீ குந்தியின் மூத்த பிள்ளை, ராஜ்ஜியமே உனக்குத்தான் என்கிறான். இரண்டு பேருக்கும் கதவு அகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. இரண்டு பேரும் போகவில்லை.

அதனால்தான் அது தியாகம். கதவு பூட்டியிருந்தால், அவர்கள் உள்ளேயே இருந்தார்கள் என்பதில் கதை என்ன இருக்கிறது? பூட்டிய வீட்டுக்குள் இருப்பவனை விசுவாசி என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கிறான், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

*

பிடிக்கவில்லை என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மனசாட்சி.

1930 ஏப்ரல் 23. பெஷாவர், கிஸ்ஸா கவானி பஜார். கான் அப்துல் கஃபார் கானின் செஞ்சட்டைத் தொண்டர்கள் ஆயுதம் இல்லாமல் நிற்கிறார்கள். சுடச் சொல்லி கட்வால் ரைஃபிள்ஸ் சிப்பாய்களுக்கு உத்தரவு. அவர்கள் சுட மறுத்துவிட்டார்கள். முன்னால் நின்ற சந்திர சிங் கட்வாலிக்கு ராணுவக் கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது.

காந்தி கைதட்டியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? பிற்பாடு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் அவரிடம் இதைப் பற்றிக் கேட்டார். சுடச் சொன்ன உத்தரவை மீறுகிற சிப்பாய், தான் எடுத்த சத்தியத்தை மீறுகிறான், அது குற்றம் என்றார் காந்தி. நாளைக்கு நாங்கள் ஆட்சிக்கு வந்தால் இதே சிப்பாய்களைத்தானே வைத்துக்கொண்டிருப்போம், இன்று மீறச் சொல்லிக் கொடுத்தால் அன்றும் மீறுவார்களே என்பது அவர் கவலை.

அகிம்சைக்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு பதில். முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நிராயுதபாணியைச் சுட மாட்டேன் என்றவனைவிட உத்தமமான சிப்பாய் யார்? இன்றும் என் மனது சந்திர சிங் பக்கம்தான். ஆனால் காந்தியின் கவலையைச் சுலபமாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. எந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியலாம் என்று துப்பாக்கி வைத்திருப்பவர்களே முடிவு செய்கிற நாட்டில் என்ன நடக்கும் என்பதை நம் அக்கம்பக்கத்தில் பார்த்திருக்கிறோம். ஓட்டுப் பெட்டிக்குக் கீழ்ப்படிகிற ராணுவம் கிடைத்தது நம் அதிர்ஷ்டம்.

சரி, ஒப்புக்கொள்வோம். சிப்பாய் உத்தரவை மீறக் கூடாது. அப்படியானால் அடுத்த கேள்வி இன்னும் பெரிதாகிறது. 'முடியாது' என்று சொல்லும் உரிமை இல்லாதவனுக்கு, 'நான் விலகிக்கொள்கிறேன்' என்று சொல்லும் உரிமையாவது வேண்டாமா? இரண்டையும் பிடுங்கிக்கொண்டால் அவனிடம் மிச்சம் இருப்பது என்ன? கையும் காலும்தானே? அவற்றை நீட்டவும் மடக்கவும் வேறு ஒருவர்!

*

நம் சட்டத்தில் கதவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராணுவ விதிகளில், காலம் முடியும் முன் சொந்த வேண்டுகோளில் விடுவிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. வேண்டுகோள் நியாயமானது என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும். படையின் பலமும் ரொம்பக் குறைந்துவிடக் கூடாது. அக்னிவீர்களுக்கு இன்னும் இறுக்கம். 2022-ல் அறிவித்த விதிகளின்படி, நான்கு வருடம் முடியும் முன் சொந்த வேண்டுகோளில் விலக அனுமதி இல்லை. மிக மிக விதிவிலக்கான நிலைமையில் மட்டும் உரிய அதிகாரி ஒப்புக்கொண்டால் உண்டு. அப்படி வந்தால் சேவா நிதியில் அவன் போட்ட பணம் திரும்ப வரும். அரசாங்கத்தின் பங்கு வராது.

பண விஷயத்தில் எனக்குப் புகார் இல்லை. பாதியில் போகிறவன் கொஞ்சம் இழக்கத்தான் வேண்டும். பயிற்சிக்கு ஆன செலவு நம் வரிப் பணம்.

உறுத்துவது வேறு. இதே திட்டத்தில் நான்கு வருடம் முடிந்ததும் அதிகபட்சம் நாலில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வதாக அரசாங்கம் சொல்கிறது. முன்கூட்டியே சொன்னார்கள், சரி. ஆனால் பேரேட்டில் இரண்டு பக்கம் உண்டு என்று படித்தவன் நான். 'நீ எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் வசதி ஒரு பக்கத்துக்கு விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. இன்னொரு பக்கத்துக்கு அது கருணை மனு.

கருணையில் இன்னொரு சிக்கல். அது ஆளைப் பார்த்து வரும். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் கேம்பிரிட்ஜில் படிக்கும்போது கடன் தொல்லை தாங்காமல் 1793 டிசம்பரில் பொய்ப் பெயரில் குதிரைப் படையில் போய்ச் சேர்ந்தார். குதிரை மேல் உட்காரவே வராது அவருக்கு. அண்ணன்மார்கள் அலைந்து திரிந்து 1794 ஏப்ரலில் வெளியே எடுத்துவிட்டார்கள். பதிவேட்டில் எழுதிய காரணம், 'சித்தப் பிரமை'! இஸ்திரி அண்ணனின் பிள்ளைக்கு அப்படி அலைய எந்த அண்ணன் இருக்கிறான்?

இதே கேள்வி ஐரோப்பாவிலும் போனது. 15, 16 வயதில் பிரிட்டிஷ் படைகளில் சேர்ந்த நான்கு பையன்கள், எங்களை விட்டுவிடுங்கள் என்று ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தது ஒன்பது வருடம். அதுவும் 18 வயதிலிருந்துதான் எண்ணிக்கை ஆரம்பம். 1968-ல் ஆணையம் கைவிரித்துவிட்டது. இது அடிமைத்தனம் ஆகாது, பெற்றோர் சம்மதித்துத்தானே சேர்ந்தார்கள் என்றது. பெற்றோர் கையெழுத்து! இங்கேயும் அதே கையெழுத்து!

அதே பிரிட்டன் பிறகு மாறிக்கொண்டது. இன்று அங்கே 18 வயதுக்குள் சேர்ந்தவர், 18 நிரம்பும் வரை விலகிக்கொள்வது உரிமை. யார் காலிலும் விழ வேண்டாம். அதனால் பிரிட்டிஷ் ராணுவம் காலியாகிவிடவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். போர் நடக்கும்போது கதவைச் சாத்துங்கள். காவலில் இருக்கும்போது அசையக் கூடாது என்று சொல்லுங்கள். விலகுகிறவன் ஆறு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், செலவில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும் என்று கூட வையுங்கள். ஆனால் பதினேழரை வயதில் போட்ட கையெழுத்தை, பதினெட்டு முடிந்தபின் ஒரு தடவை, 'இப்போதும் சம்மதமா?' என்று கேளுங்கள். பைக் கம்பெனிக்கு இருக்கிற கட்டுப்பாடு தேசத்துக்கும் இருந்தால் தேசத்துக்குக் குறைச்சல் இல்லை.

*

அண்ணனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மோகரி பீபி அவருக்கு எதற்கு? மூன்று விஷயம் சொன்னேன்.

''ஓடி மட்டும் வரக் கூடாதுன்னு சொல்லுங்கண்ணே. அது குற்றமாயிடும். இன்னும் மூணு மாசம் முடியல. போகணும்னா அதிகாரிகிட்ட நேரா, எழுத்துல கேக்கச் சொல்லுங்க. உடனே விட்டுருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கேக்கறதுல தப்பில்ல.''

''மூணாவது?''

''அவன் வந்தா நம்ம தெருவுல யாரும் அவனைக் கேவலமாப் பாக்க மாட்டாங்கன்னு சொல்லுங்க. முக்கியமா நீங்க.''

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை எடுத்து, ஏற்கெனவே தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்தார்.

அடுத்த ஞாயிறு பேசியிருக்கிறார். ''வரணும்னா வந்துடுடா. லட்டு குடுத்ததை எல்லாம் நெனைக்காதே. கையெழுத்துப் போட்டது நான். அந்தப் பாரம் உனக்கு வேணாம்'' என்றாராம். மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம் பையன் சொன்னானாம், ''இன்னும் ஒரு வாரம் பாக்கறேம்பா.''

அந்த ஒரு வாரம் இன்னொரு வாரமானது. மூன்று மாதம் தாண்டிவிட்டது. அடுத்தது கசம் பரேடு, தேசியக் கொடி முன்னால் சத்தியம் செய்கிற அணிவகுப்பு. அதற்கு அண்ணன் போக வேண்டும் என்று டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்.

பையன் தங்கிவிட்டதால் என் வாதம் ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். அவன் திரும்பி வந்திருந்தாலும் இந்தக் கட்டுரையை இப்படித்தான் எழுதியிருப்பேன். ஒன்று மட்டும் தெரிகிறது. முதல் தடவை அவனுக்காகக் கையெழுத்துப் போட்டது அவன் அப்பா. இந்தத் தடவை, பேனாவே இல்லாமல், போட்டது அவன்.

உங்கள் வீட்டில் பதினேழரை வயதில் ஒரு பிள்ளை இருக்கிறதா? இன்ஜினீயரிங்கோ, மெடிக்கலோ, பட்டாளமோ, ஏதோ ஒரு ஃபார்மை நீட்டி, சந்தோஷத்தில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். தப்பில்லை. ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'இப்பவும் சம்மதமா?' என்று கேட்டிருக்கிறீர்களா?